பூசணிக்காய் உடைத்த பாலம்

எது எதெல்லாம் தப்பாகப் போகும் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதியதை எடுத்துவைத்துக்கொண்டு, இதை அழுத்தினால் என்ன ஆகும், அழுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று நோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆபீஸை விட்டு வந்தாலும் மனசு அந்த வேலையை நிறுத்துவதில்லை. கேஸை மூடினேனா என்று பார்க்க, லிஃப்டில் பாதி வழி இறங்கிவிட்டுத் திரும்பி வருகிறவள் நான். என் கணவர் இதைச் சுபாவம் என்பார். மகள் வியாதி என்பாள்.

இப்படிப்பட்டவள் குதிரை லாயத்துக்குப் போனது, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். குதிரையேற்றம் கற்க முதலில் சேர்ந்தது என் மகள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு அலுத்துவிட்டது. மிச்சமிருந்த வகுப்புகளை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை. தயிர் புளித்துவிட்டால் மோர்க்குழம்பு வைத்துவிடுகிற வீட்டில் வளர்ந்தவள், நானே போனேன். ஏறி உட்கார்ந்ததும் தரை அவ்வளவு கீழே இருப்பதைப் பார்த்து, உடனே இறக்கிவிடச் சொன்னேன். லாயத்தின் சொந்தக்காரம்மா சிரிக்கவில்லை. அவர் கன்னடக்காரர், எங்களோடு பேசும்போது தமிழும் கன்னடமும் கலந்து வரும். "பரவால்லம்மா, நீங்க ஏற வேண்டாம். கீழ நின்னு கூட நடங்க. அதுவும் வித்தைதான்" என்றார்.

அப்படித்தான் செவலையின் கயிறு என் கைக்கு வந்தது. ரேஸில் ஓடிவிட்டு ஒதுக்கப்பட்ட பெட்டைக் குதிரை அவள். ரேஸ் புத்தகத்தில் அவளுக்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. லாயத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செம்மண் நிறம் என்பதால் செவலை. பிறந்ததிலிருந்து சமதரையையும் வண்டிப் பலகையையும் தவிர வேறு எதையும் மிதிக்காதவள். கொட்டடி, ஓடுதளம், மறுபடி கொட்டடி. எனவே வழியில் கிடக்கும் ஒரு கட்டை, தேங்கிய தண்ணீர், சாக்கடை மூடி, காற்றில் படபடக்கும் நீலத் தார்ப்பாய் எல்லாமே அவளுக்குப் பாம்பு. இவ்வளவு விவரமாகப் பயப்படுகிற இன்னொரு ஜீவனை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

லாயம் இருந்தது எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, ஓர் ஏரிக்குப் பின்னால். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வர, ராஜகாலுவே என்று ஊரில் சொல்லும் பெரிய மழைநீர்க் கால்வாயைத் தாண்ட வேண்டும். அதன்மேல் கான்கிரீட் சிலாப் போட்ட ஒரு பாலம். ஒரு கார் போகிற அகலம்தான், கைப்பிடிச் சுவர் கிடையாது. கீழே இரண்டு ஆள் ஆழம், சோப்பு நுரையோடு கறுப்புத் தண்ணீர். பாரம் தாங்காது என்பதால் தீவன லாரிகூட ரோட்டிலேயே நின்றுவிடும். முன்பு குதிரைகள் பின்பக்கத் தைலமரத் தோப்பு வழியாக வந்துபோகும். அங்கே ஒரு புது லேஅவுட் வந்து மதில் எழுப்பிவிட்டார்கள். அதன்பின் பாலம் ஒன்றுதான் வழி. மற்ற குதிரைகள் இரண்டொரு நாள் முரண்டு பிடித்துவிட்டுப் பழகிக்கொண்டன. செவலை மட்டும் பழகவில்லை.

"இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோறது?" என்று சொந்தக்காரம்மா ஒருநாள் கேட்டார். பதிலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. குதிரை ஏற்றும் வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். செவலை இந்தப் பக்கம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கத்தில் அந்தப் பாலம் வர ஆரம்பித்தது.

லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் குதிரைக்காரர் பெங்களூர் ஜோகுபாளையத்துக்காரர். நாற்பது வயதுக்குச் சற்றுக் குறைவு, ரேஸ் குதிரைகளோடேயே வளர்ந்தவர். குதிரைகளிடம் உருது கலந்து பேசுவார், என்னிடம் தமிழில் கிண்டல் செய்வார். செப்டம்பரில் ஒருநாள், "இவளுக்கெல்லாம் கொஞ்சினா ஆவாதுக்கா" என்று சொல்லிவிட்டு, கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு, செவலைக்கு முன்னால் நின்று பாலத்துக்கு இழுத்தார். அவள் பின்னங்காலில் எழுந்து திரும்பி ஓடினாள். கயிறு கையை விடவில்லை. முப்பதடி தூரம் தரையில் இழுபட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதையாக, சொந்தக்காரம்மாவிடம் வேறு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மாவுக்கட்டோடு அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ள, செவலையை நடத்துவது என் வேலையாயிற்று. லாயத்தில் கூடமாட வேலை செய்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு இதற்கெல்லாம் பொறுமை இல்லை. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாததால் பொறுமை இருந்தது.

சொந்தக்காரம்மா ஞாயிறுதோறும் சொல்லிக்கொடுத்தார். கயிற்றை மடித்துப் பிடி, ஒருநாளும் சுற்றாதே. முன்னால் நிற்காதே, தாண்டுகிற குதிரை நீ நிற்கிற இடத்தில்தான் வந்து விழும். தோளுக்குப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நில். பயப்படும் பொருளை அவள் குனிந்து முகர்ந்து பார்க்கட்டும். ஓர் அடி முன்னால் வைத்தால் அந்த நொடியே கயிற்றைத் தளர்த்து, அதுதான் அவளுக்கு நீ கொடுக்கும் பரிசு. அவள் பின்வாங்கினால் கூடவே போ, இழுத்துப் பிடிக்காதே. எல்லாவற்றுக்கும் மேல், மூச்சை அடக்காதே. நீ மூச்சைப் பிடித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். மூச்சு நிற்காமலிருக்க ஏதாவது பேசிக்கொண்டே நட. என்ன பேசுகிறாய் என்பது முக்கியமில்லை, குரல் கீழே இருந்தால் போதும்.

எனக்கு இதில் ஒன்றுதான் வரவில்லை. கடைசி விதி. கட்டையைத் தாண்டும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். செவலை காதை என் பக்கம் திருப்பிவிட்டு நின்றுவிடுவாள். "அக்கா, மூச்சு" என்று ஸ்டூலிலிருந்து குரல் வரும். பேசு என்றால் என்ன பேசுவது? வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். மளிகைச் சாமான் பட்டியல் சொன்னேன். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, வரமிளகாய் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே போக, அவள் ஒரு கட்டையைத் தாண்டினாள், பிறகு இரண்டை, பிறகு தார்ப்பாயை, பிறகு தரையில் கிடத்திய பழைய கதவுப்பலகையை. பலகையில் குளம்பு பட்டு எழுந்த சத்தத்துக்கு முதல் நாள் என்னையே உரசிக்கொண்டு பாய்ந்தாள். பத்தாவது நாள் பலகைமேல் நின்று கொட்டாவி விட்டாள்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, நிஜப் பாலத்தில் முன்னங்கால்கள் இரண்டையும் வைத்தாள். அவ்வளவுதான், பிறகு பின்வாங்கிவிட்டாள். நான் கூடவே பின்வாங்கினேன். குதிரைக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று, ஒரு கையால் தன் தொடையில் தட்டிக் கைதட்டல் கொடுத்தார். இன்னும் ஒரு வாரத்தில் தாண்டிவிடுவாள் என்று சொந்தக்காரம்மா சொன்னார்.

அந்த ஒரு வாரத்தை நாங்கள்தான் கெடுத்தோம். குறிப்பாகச் சொன்னால், நான்.

ஆயுத பூஜையன்று காலை லாயம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சேணங்களுக்கும் தள்ளுவண்டிக்கும் புல் வெட்டும் மெஷினுக்கும் சந்தனப்பொட்டு. இரண்டு பைக்குகளின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். குதிரைகளின் கழுத்தில் சாமந்தி மாலை. செவலை தன் மாலையைப் பார்த்தே பயந்து, பிறகு அதைத் தின்னப் பார்த்தாள். பெங்களூரில் அன்று தெருமுனைக்குத் தெருமுனை பொரி குவித்திருப்பார்கள். குதிரை கற்க வருகிறவர்கள், அவர்கள் குடும்பங்கள் என்று வந்த எல்லோர் கையிலும் பொரிப் பை இருந்தது. பொரி, பொட்டுக்கடலை, வெல்லத்துண்டு, தேங்காய்ச் சில்லு.

கடைசியில் பூசணிக்காய் உடைக்க வேண்டும். கேட்டில் உடைக்கலாம் என்று குதிரைக்காரர் தூக்கிக்கொண்டு போனார். நான்தான் தடுத்தேன். "கேட்டுல என்ன இருக்கு? கண்ணு பூரா அந்தப் பாலத்துமேலதான். உங்க கை ஒடிஞ்சதும் அங்கதானே. பாலத்துமேல உடைங்க. செவலை நல்லபடியா தாண்டட்டும்" என்றேன். எங்கள் ஊரில் எப்படிச் செய்வோம் என்று முன்னால் நின்று விளக்கமும் சொன்னேன். மேலே துளை போட்டு, உள்ளே குங்குமத்தைத் தாராளமாகக் கொட்டி, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, இடது கையாலேயே ஓங்கிப் போட்டார். பாலத்தின் நடுவில் சிவப்பும் வெள்ளையுமாகச் சிதறியது. எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த பாரத்தை அங்கே உடைத்துப்போட்ட மாதிரி இருந்தது.

மதியம் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். வேலையாட்கள் இருவரும் பூஜைக்கு ஊருக்குப் போனார்கள், சொந்தக்காரம்மா அம்மா வீட்டுக்குப் போனார். குதிரைக்காரர் சாயங்காலத் தீவனம் வைத்துவிட்டு ஜோகுபாளையம் போவதாக இருந்தார். நான் செவலையோடு கொஞ்சம் நடந்துவிட்டுப் போகலாம் என்று தங்கினேன். மூன்றரை மணிக்கு நான் அவளுடைய கொட்டடிக்குப் போனபோது, அவள் தலையைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்னங்காலால் தரையைக் கீறினாள். மறுபடி வயிற்றைப் பார்த்தாள். கழுத்தில் கை வைத்தேன், ஈரம். அந்தக் குளிர்ந்த காற்றில் அவளுக்கு வியர்த்திருந்தது.

குதிரைக்காரர் ஓடிவந்து ஒரு பார்வைதான் பார்த்தார். அவர் முகத்தில் கிண்டல் போய்விட்டது. "வயித்து வலிக்கா. படுக்க விடாதீங்க, நடத்துங்க, நடத்துங்க." குதிரைக்கு வயிற்றுவலி என்றால் நமக்கு வருவது போல அல்ல என்று எனக்கு அதற்குள் தெரியும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது உள்ளேயே உப்பும். வலி தாங்காமல் படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொண்டால் போய்விடும்.

சொந்தக்காரம்மாவுக்குப் போன் போட்டோம். அவர் டாக்டரையும் அதே அழைப்பில் சேர்த்தார். பூஜை நாள் டிராஃபிக்கில் டாக்டர் வந்து, பார்த்து, கொண்டுபோவதற்குள் நேரம் போய்விடும், வண்டியோடு நேராக ரோட்டுக்கு வருகிறேன், குதிரையை அங்கே கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றார் டாக்டர். லாயத்தில் இருக்கும் வலி மருந்தை இவ்வளவு கொடுங்கள், ஒரு மணி நேரம் ஓரளவு தாங்குவாள், அதற்குள் வண்டியில் ஏற்ற வேண்டும் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். இன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக ஏதாவது சாப்பிட்டாளா?

நான் குதிரைக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

கொட்டடிக் கதவில் மூன்று மொழியில் பலகை தொங்கியது: குதிரைகளுக்கு எதுவும் கொடுக்காதீர்கள். அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் காலையில் நான் என் பொரிப் பையைச் செவலைக்குப் பிரித்தேன். பூஜை நாளில் வாயில்லா ஜீவனுக்குக் கொடுக்காமல் நாம் மட்டும் தின்பதா என்று ஒரு பிடி. அவள் உதடு என் உள்ளங்கையைத் துழாவிய சுகத்துக்கு இன்னொரு பிடி. பாலத்தில் கால் வைத்ததற்குப் பரிசாக இன்னொன்று. பை காலி. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"இல்ல டாக்டர், வழக்கமானதுதான்" என்றேன் போனில்.

ஆபீஸில் தப்பை மறைக்கிற பையன்களை நான் சும்மா விடமாட்டேன். மறைத்த தப்புதான் பெரிய தப்பு என்று மீட்டிங்கில் பேசுகிறவள். அந்த வாய்தான் இதையும் சொன்னது. சொந்தக்காரம்மா என்ன நினைப்பார், இனி உள்ளே விடுவாரா என்ற பயம் ஒரு நொடி முந்திக்கொண்டது. பயத்தில் நான் செய்ததிலேயே கேவலமானது அது.

மருந்து கொடுத்துவிட்டு, நான் செவலையை முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடத்தினேன். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் ராஜகாலுவே பாலம்வரை ஏறும். அப்போதுதான் பாலத்துமேல் இருக்கும் பூசணிக்காய் என் நினைவுக்கு வந்தது. குதிரைக்காரருக்கும் அதே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். ஒரு கையால் நாலு பக்கெட் ஊற்றினார். திரும்பி வந்தபோது அவர் முகம் செத்திருந்தது.

"மோசம் பண்ணிட்டேன்க்கா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. துண்டுகள் போய்விட்டன, ஆனால் குங்குமம் கரைந்து சிலாப் முழுக்கப் பரவி, அந்தக் கறுத்த வானத்துக்குக் கீழே ரத்தக்களறியாக மினுங்கியது. காலையில் கைப்பிடி அளவு இருந்த சிவப்பு, இப்போது பாலமே சிவப்பு. போதாததற்கு வழுக்கல். செவலை கேட் ஓரத்திலேயே நின்று, தலையைத் தூக்கி, மூக்கு விரிய ஊதினாள்.

எது எதற்குப் பயப்படுவாள் என்று எனக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதத் தெரியும். எதற்குப் பயப்படமாட்டாள்? அப்படி யோசித்து எனக்குப் பழக்கமே இல்லை. அவளுடைய கொட்டடிக்கு மட்டும்தான் பயப்படமாட்டாள். "அவ கொட்டடியில கிடக்கிற மரத்தூளை அள்ளிட்டு வாங்க. அழுக்கானதே நல்லது. அவ வாசனை இருக்கட்டும். பாலத்துல கொட்டுங்க" என்றேன். குதிரைக்காரர் ஒற்றைக் கையால் தள்ளுவண்டியை நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டு போனார். மூன்று நடை. காலாலேயே பரப்பினார். சிவப்பு மறைந்தது. மூத்திர நாற்றத்தோடு ஒரு பழுப்புப் பாதை கிடந்தது.

ரோட்டில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் ஹெல்மெட்டை எடுத்து மாட்டி, கையுறை போட்டேன்.

"இப்ப போயி ஹெல்மெட்டாக்கா?"

"இப்பதான்" என்றேன். அவசரத்தில் எதை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதோ, அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். இது ஒன்றுதான் என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

கயிற்றை மடித்து இடது கையில் வைத்துக்கொண்டேன், சுற்றவில்லை. வலது கை அவள் தாடைக்குக் கீழே ஒரு முழம் விட்டு. குதிரைக்காரர் உதை விழாத தூரத்தில் பின்னால் வந்தார். பாலத்தின் விளிம்பில் செவலை நின்றாள். அந்தப் பக்கம், வழியில் டாக்டரோடு ஏறிக்கொண்டு வந்த சொந்தக்காரம்மா வண்டியிலிருந்து இறங்கிக் கையை மெல்லத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். நிதானம், நிதானம். உடம்பு முழுவதும் ஓடச் சொல்லும் நேரத்தில் நின்றுகொண்டிருப்பதைப் போலக் கஷ்டம் உலகத்தில் வேறு இல்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாதவர்களுக்கு அதைச் சொல்வது சுலபம். மருந்து கொடுத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அவள் விலாவில் சதை துடிப்பது எனக்குத் தெரிந்தது.

அவள் குனிந்தாள். மரத்தூளை முகர்ந்தாள். ஊதினாள், மறுபடி முகர்ந்தாள். ஒரு குளம்பு வைத்தாள். கயிற்றைத் தளர்த்தினேன். இன்னொரு குளம்பு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் காது என் பக்கம் திரும்பியது.

"அக்கா, மூச்சு."

பேச வேண்டும். துவரம்பருப்பு என்று தொடங்கினேன். கடலைப்பருப்பு என்று சொல்ல முடியவில்லை. பிறகு வாயில் வந்தது வேறு. "நான்தான்டி உனக்குப் பொரி போட்டேன்" என்றேன் மெதுவாக. "ஒரு பை பூரா போட்டேன். பலகையைப் படிச்சிட்டுத்தான் போட்டேன். டாக்டர் கேட்டப்ப இல்லைன்னு சொன்னேன். பொய் சொன்னேன். இந்தப் பூசணிக்காயும் நான் உடைக்கச் சொன்னதுதான். நீ தாண்டிடு. தாண்டிட்டா சொல்லிடறேன்." மூச்சு தானாக வந்தது, தானாகப் போனது. மூன்றாவது குளம்பும் நான்காவதும் சிலாப் ஏறின. இத்தனை நாளில் அவள் நான்கு காலும் அந்தப் பாலத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை.

பின்னாலிருந்து குதிரைக்காரரின் குரல், அதே தாழ்ந்த சுருதியில் வந்தது. "நானும் போட்டேன்க்கா. வூட்டு பூஜைல வெச்ச பொரி. நீங்க பேசிக்கிட்டே நடங்க."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தில் பாதி வந்திருந்தோம். என் இடது பாதத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை, கீழே நுரை சுழன்றது. அப்போது செவலை நின்றாள். பயத்தால் அல்ல. தலையைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தாள். வலி திரும்பிவிட்டது. அவள் முழங்கால்கள் மெல்ல மடங்கத் தொடங்கின. அங்கே படுத்து ஒரு புரளல் புரண்டால் அவளும் கால்வாயில், ஒருவேளை நானும். இழுக்கக் கூடாது. இழுக்காமல் என்ன செய்வது? நான் சேர்த்துவைத்திருந்த எத்தனையோ பயங்களில் இந்த ஒன்று இல்லை.

"கயித்த வுடுங்க, அவ பாயப்போறா" என்றார் குதிரைக்காரர். மறுநொடி நாக்கால் ஒரு சொடுக்கு, கூடவே மாவுக்கட்டைத் தொடையில் ஓங்கி அடித்தார். ரேஸ் மைதானத்தில் அவள் தினமும் கேட்ட சொடுக்கு அது. மடங்கின முழங்கால் நிமிர்ந்தது. மிச்சப் பாலம் முழுவதையும் அவள் ஒரே தாவலில் கடந்தாள். அவள் தோள் என்னை உரசிக்கொண்டு போனது. நான் விரல்களைத் திறந்துவிட்டேன். கயிறு கையுறையைச் சுட்டுக்கொண்டு ஓடி, நுனி முடிச்சில் நின்றது. அதையும் நான் இழுக்கவில்லை. இரண்டு எட்டு ஓடி, அந்தப் பக்க மண்ணில் கால் ஊன்றி, அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். நான் பாலத்தின் நடுவில் மண்டியிட்டிருந்தேன். எப்போது மண்டியிட்டேன் என்று தெரியாது.

வண்டியின் சாய்பலகை அவளுக்குப் பழகின விஷயம். ரேஸ் காலத்தில் எத்தனையோ தடவை ஏறியது. குதிரைக்காரர் "ஆவோ பேட்டா" என்று கூப்பிட்டதும் ஏறிவிட்டாள். டாக்டர் அவள் ஈறை அமுக்கிப் பார்த்தார். நான் சாய்பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"டாக்டர், பொரி சாப்பிட்டிருக்கா. கடலையும். நான்தான் போட்டேன். ஒரு பை. போன்ல மறைச்சிட்டேன்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். குதிரைக்காரர் செவலையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவருக்கு அந்த வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சொந்தக்காரம்மா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். அவர்கள் மூவரும் செவலையோடு போனார்கள். மழை பிடித்துக்கொண்டது.

அன்றிரவு தூங்கவில்லை என்று சொன்னால் போதும். சாமி அறையில் காலையில் வைத்த பொரி அப்படியே இருந்தது. அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் கதவைச் சாத்தினேன். குடல் முறுக்கியிருந்தால் என்ன, அறுவை சிகிச்சை என்றால் தாங்குவாளா, நான் முதலிலேயே சொல்லியிருந்தால் டாக்டர் வேறு மருந்து சொல்லியிருப்பாரா? கடைசிக் கேள்விக்கு இன்றுவரை நான் யாரிடமும் பதில் கேட்கவில்லை.

காலை ஏழு மணிக்குள் போன் வந்தது.

"அக்கா, சாணி போட்டுட்டா" என்றார் குதிரைக்காரர்.

மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னார். குடல் திறந்துவிட்டது, இனி பயமில்லை, எழுந்து நின்று புல்லுக்குக் கத்துகிறாள் என்றார். நான் சமையல்மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கணவர் காபி டம்ளரோடு வந்து, யார், என்ன என்று கேட்டார். "சாணி போட்டுட்டாளாம்" என்றேன். அந்தச் செய்திக்கு அழுதவள் எங்கள் அபார்ட்மெண்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போனில் குதிரைக்காரர் இன்னும் இருந்தார்.

"மேடம்கிட்ட நானும் சொல்லிட்டேன்க்கா. அக்கா மட்டும் இல்ல, நானும்தான் பொரி போட்டேன்னு. ராத்திரி பூரா அவங்க அவ பக்கத்துலயே குந்திக்கினு இருந்தாங்க. அத பாத்துட்டு சொல்லாம இருக்க முடில."

"என்ன சொன்னாங்க?" ரோட்டுப் பக்கம் திரும்பிய சொந்தக்காரம்மாவின் முகம் எனக்கு நினைவு வந்தது.

"ரொம்ப நேரம் அழுதாங்க. அப்பறம் சொன்னாங்க, காலைல பூஜை முடிஞ்சதும் மொத பிடி போட்டதே அவங்கதானாம்."